பத்தாவது ஆள்

குமாரபாளையம்
18.1.2024

அன்புத் தம்பி கலையரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, உன் மாமா, நான் எல்லோரும் பொழுதைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி தெரிந்தால் நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்றே எழுதிவிடுவேன்.

பொங்கலன்று காலையில் ஏழு தடவை உனக்குப் போன் பண்ணினேன். எட்டாவது தடவை, அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. அப்புறம் உன் மறுவாழ்வு இல்லத்து ஆபீஸுக்கே கூப்பிட்டேன். தமிழ் தெரிந்த ஒருவர் எடுத்து, "அவரு யாரோடயும் பேசறதில்லைம்மா. லெட்டர் போடுங்க, கையில குடுத்துடறோம்" என்றார். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மாமா கேட்டார். நான் கடைசியாக எழுதியது உனக்குத்தான். நீ பட்டாளத்தில் சேர்ந்த புதிதில். அப்போது பக்கம் பக்கமாகப் பதில் போடுவாய்.

நீ ஓட்டிய பட்டாளத்து வண்டி பள்ளத்தில் உருண்டு பதினைந்து மாதம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததுதான். புனேவுக்கு மாற்றிய பிறகு யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கிறேன். மாமா தறிக்குடோனுக்குப் பக்கத்து அறையைக் காலி பண்ணிவிட்டார். வாசற்படியை உடைத்துச் சரிவாகப் பூச ஆள் சொல்லியிருக்கிறோம். தறிச் சத்தம் உனக்குப் பழகினதுதானே.

பிரீத்தியும் உன் மகள் நிலாவும் சௌக்கியம். பண்டிகைக்கு எடப்பாடியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வந்ததும் அவளையும் எழுதச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். "எம்பையன் சாப்புடறானான்னு கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அக்கா சரிதா


புனே
6.2.2024

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. சாப்பிடுகிறேன். உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

வாசற்படியை உடைக்க வேண்டாம். நான் அங்கே வரப்போவதில்லை. அந்த அறையில் தறிக்கு நூல் வைத்துக்கொள்ளச் சொல்.

போன் எடுக்காததற்குக் கோபப்படாதே. போனில் அம்மா அழுவாள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். காகிதத்தில் அது இல்லை.

இங்கே சத்தம்தான் தாங்க முடியவில்லை. என் கட்டிலை ஜன்னல் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே கூடைப்பந்து மைதானம். தினமும் காலையும் சாயங்காலமும் காலில்லாதவர்களும் கால் செத்தவர்களும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பந்து விளையாடுகிறார்கள். இரும்போடு இரும்பு மோதும் சத்தம். நடுநடுவே சிரிப்பு வேறு. இவர்களுக்கு என்ன நடந்தது என்று இவர்களுக்கே மறந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. கட்டிலை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம். உனக்கு வேலை இருக்கும்.

கலையரசன்


குமாரபாளையம்
24.2.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் போட வேண்டாம் என்று எழுதினாய். அக்கா என்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? இங்கே யாருக்கும் உடம்புக்குப் புதிதாக ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் ஒரே இடத்தில் நின்றேன். நீ நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரீத்தியைப் பற்றியும் கேட்கவில்லை. மறதியாக விட்டாயா, மனசு வராமல் விட்டாயா என்று தெரியவில்லை. மறதி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நிலா எல்.கே.ஜி. முடிக்கப் போகிறாள். பேர் எழுதச் சொன்னால் எழுதுகிறாள். பிரீத்தி உன் சட்டைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். எழுதச் சொன்னேன். "எழுத வரலீங்க அண்ணி, அழுகைதான் வருது" என்கிறாள்.

வாசற்படியை உடைத்தாகிவிட்டது. சரிவும் பூசியாகிவிட்டது. மாமா தள்ளுவண்டியில் நூல் மூட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது.

இங்கிருந்து உனக்கு ஏதாவது வேண்டுமா? ஊறுகாய் அனுப்பலாமா?

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா சரிதா


புனே
14.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷப் பிறப்பு. அம்மா, மாமா, நீ எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். ஊறுகாய் வந்தது. பக்கத்துக் கட்டில்காரன் குர்மீத், பஞ்சாபி, பாதியைத் தின்றுவிட்டான்.

ஒன்றரை மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஏதோ இருந்ததுதான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டிலை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன் அல்லவா? அந்தக் காகிதம் விளையாட்டுப் பயிற்சி தருகிற உஸ்தாத் கைக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்ற சுபேதார். அவர் மேலே வந்து என்னிடம், "புகார் கொடுத்தது நீயா? விளையாடுகிறவர்களிடம் நேரில் சொல்" என்றார். சொல்கிறேன் என்றேன். கோபத்தில் என் நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு கீழே போனேன். அவ்வளவு தூரம் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். அணிக்கு ஐந்து பேர், ஒரு ஆள் குறைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தூக்கி விளையாட்டு நாற்காலியில் வைத்து இடுப்பில் வாரைக் கட்டிவிட்டார்கள்.

அந்த நாற்காலி வேறு மாதிரி. சக்கரம் இரண்டும் கீழே அகன்று சாய்ந்து நிற்கும். பின்னால் தள்ளுவதற்குப் பிடியே கிடையாது. யாரும் உன்னைத் தள்ள முடியாது. ஐந்தாவது நிமிஷம் ஒருவன் வந்து மோதினான். நாற்காலியோடு கவிழ்ந்தேன். வார் கட்டியிருந்ததால் அதுவும் என்னோடு விழுந்தது. கன்னம் சிமெண்டில் கிடந்தது. யாராவது தூக்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. சக்கரங்கள் என் தலைக்குப் பக்கத்தில் போய் வந்துகொண்டிருந்தன. ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. நான் தமிழில் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். உஸ்தாத் கோட்டுக்கு வெளியே நின்று, "கை இருக்கிறதே" என்றார், அவ்வளவுதான்.

எழ எவ்வளவு நேரமானது என்று தெரியாது. கையை ஊன்றினால் வழுக்கும். உடம்பின் பாதி மூட்டை மாதிரி கூடவே வரும். கடைசியில் எழுந்துவிட்டேன். உடனே இன்னொருவன் வந்து மோதினான்.

அக்கா, பதினேழு மாதமாக எல்லோரும் என்னை மெதுவாகத் தொட்டார்கள். மெதுவாகப் பேசினார்கள். அந்த மோதல்தான், நான் அங்கே இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மறுநாளும் போனேன். அப்புறம் தினமும். உள்ளங்கை தோல் உரிந்து காய்த்துவிட்டது. நான் பந்து போடும் ஆள் இல்லை. என் மாதிரி முதுகு முறிந்தவர்கள் எதிராளி வரும் பாதையில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவன் வேகம், திருப்பம் எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். டிரைவர் வேலைதான்.

இனி இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன்.

கலையரசன்


குமாரபாளையம்
29.4.2024

என் சாமிக்கு,

உன் கடிதம் வந்த அன்று தறியை நிறுத்திவிட்டு மாமா சத்தமாகப் படித்தார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நீ விழுந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுந்த இடத்தில், "மறுக்காப் படி" என்றாள். மூன்று தடவை உன்னை எழுப்பிவிட்டார் மாமா. இந்த வீட்டில் எல்லோருக்கும் இன்று உடம்பு நன்றாகவே இருக்கிறது.

அடிபட்ட முதுகில் மறுபடி அடி விழாதா? டாக்டரைக் கேட்டாயா? அதை மட்டும் எழுது.

பிரீத்தியிடமும் படித்துக் காட்டினேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

இதையெல்லாம் அவளிடம் நீயே போனில் சொன்னால் என்ன? ஒரே ஒரு தடவை. இந்த வாரமே கூப்பிடு. அவளோடு பேசு. எனக்காக.

உன்
அக்கா சரிதா


புனே
21.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் விட்டுவிட்டேன். நீயும் அம்மாவும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

ஜூன் முதல் வாரம் உட்காரும் இடத்தில் புண் வந்துவிட்டது. வலி தெரியாதே, அதனால் பெரிதாகிறவரை எனக்குத் தெரியவில்லை. துணியில் ரத்தம் பார்த்து நர்ஸ்தான் சொன்னார். ஏழு வாரம் உட்காரக் கூடாது. சக்கரம் வைத்த நீளப் பலகையில் குப்புறப் போட்டுவிட்டார்கள். முதல் வாரம் பழையபடி சுவரைப் பார்த்துக் கிடந்தேன். இரண்டாம் வாரம் குர்மீத் வந்து பலகையைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டான். படுத்தபடியே யார் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துக் கத்துகிறேன். உஸ்தாத் இப்போது என்னைக் கேட்டுத்தான் ஆட்களை மாற்றுகிறார். ஜனவரியில் பெங்களூரில் போட்டி. புண் ஆறினால் அணியில் நானும் உண்டு.

முதுகில் அடி விழுமா என்று கேட்டாய். இனி அங்கே ஒடிவதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இனிமேல் பிரீத்தியைப் பற்றி எழுதாதே. அவள் சட்டை துவைத்தாள், சிரித்தாள் என்று எழுதாதே. காரணம் கேட்காதே.

கலையரசன்


குமாரபாளையம்
4.8.2024

தம்பிக்கு,

புண் எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது. இங்கே எங்கள் உடம்பைப் பற்றி இன்றைக்கு எழுதத் தோன்றவில்லை.

உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இனி மறைத்துப் பயனில்லை. பிரீத்தி போன நவம்பரிலேயே போய்விட்டாள். நான் எழுதியதெல்லாம் பொய். சட்டையைத் துவைத்து அடுக்கியது நான்தான். உன் கடிதத்தை அவளிடம் படிக்கவே இல்லை. உனக்குத் தெரிந்தால் எதையாவது பண்ணிக்கொள்வாய் என்று பயந்துதான் மறைத்தேன்.

ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றாள். "அண்ணி, நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறனுங்க. இனி வரமாட்டனுங்க" என்றாள். ஏன் என்றேன். நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் விடவில்லை. அடுத்த வாரம் எடப்பாடிக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கேட்டேன். "எந்தம்பி காலோட இருக்கறவரைக்கும் புருசன், கால் போனா வேண்டாமா? கும்பலா நாலு பேரு பாக்கட்டும், உன்ற லட்சணத்த" என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எழுத முடியாத வார்த்தைகள். நிலா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிரீத்தி தலையைக் குனிந்து நின்றாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவள் தப்புக்குச் சாட்சி என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் போனால் போகட்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம். தயவுசெய்து மனசை விட்டுவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் இல்லத்தின் போனிலிருந்தாவது ஒரு தடவை பேசு.

அக்கா சரிதா


புனே
19.8.2024

அக்காவுக்கு,

புண் ஆறிவிட்டது. உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் எதுவும் பண்ணிக்கொள்ள மாட்டேன். இதைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள். போனில் இதைச் சொல்ல என்னால் முடியாது.

பிரீத்தி போகவில்லை. நான்தான் அனுப்பினேன்.

இங்கே வந்த முதல் மாதம், போன வருஷம் செப்டம்பரில், என்னை முடித்துக்கொள்ளப் பார்த்தேன். நர்ஸ் பார்த்துவிட்டார். மறுநாள் பிரீத்திக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன செய்யப் பார்த்தேன் என்றும் எழுதினேன். 'நீ என்னோடு இருக்கிறவரை நான் உனக்குப் பாரம் என்ற நினைப்பு போகாது, மறுபடி அதைத்தான் செய்வேன். நான் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நீ போய்விடு. யாரிடமும் காரணம் சொல்லாதே.' இதுதான் எழுதினேன். அவள் பார்க்க வருகிறேன் என்று இரண்டு தடவை டிக்கெட் எடுத்தாள். இரண்டு தடவையும் அனுமதி தர வேண்டாம் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். தினமும் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. நவம்பரில் போன் வருவது நின்றது.

ஜனவரியில், நீ முதல் கடிதம் எழுதியபோது, சம்மதத்தோடு பிரியும் மனுவில் கையெழுத்துப் போட்டு வக்கீல் மூலமாக அவளுக்கு அனுப்பியிருந்தேன். அந்தத் தாளை அவள் நாலு மாதம் கையில் வைத்திருந்தாள். மே மாதக் கடைசியில்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது கணக்குப் போட்டுப் பார். நான் மார்ச்சில் கீழே விழுந்து எழுந்தேன். ஏப்ரலில் உனக்கு அவ்வளவு பெரிய கடிதம் எழுதினேன். இந்த வாரமே கூப்பிடு என்று நீ எழுதினாய். அப்போதே எனக்கு உயிர் வாழ ஆசை வந்துவிட்டது. அவளைக் கூப்பிடவில்லை. வெறுங்கையோடு எப்படிக் கூப்பிடுவது, ஒரு பதக்கமாவது வாங்கிக்கொண்டு கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவள் அந்த நாலு மாதமும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என் போனுக்குக் காத்திருந்திருப்பாள். அது எனக்குப் புண்ணோடு குப்புறக் கிடந்தபோதுதான் புரிந்தது.

ஜூனில் மனு பதிவாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஜனவரியில் தேதி.

நீ தெருவில் நின்று கேட்டதெல்லாம் என்னைக் கேட்க வேண்டியது. அவள் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கலையரசன்


குமாரபாளையம்
8.12.2024

தம்பிக்கு,

மூன்றரை மாதம் உனக்கு எழுதவில்லை. நீ இரண்டு கடிதம் போட்டும் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் உன்மேல் பாதி. நான் சுகமாக இல்லை. அம்மாவுக்கு நீ எழுதியது எதுவும் தெரியாது, அதனால் அவள் சுகம்.

எடப்பாடிக்குப் போக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். போன வியாழக்கிழமைதான் போனேன். அதே வாசல். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் வெளியே வந்து நின்றுகொண்டாள், இன்றைக்கு என்ன கேட்கப் போகிறேன் என்று. பிரீத்தி ஒரு துண்டுக் கம்பெனியில் மடிக்கிற வேலைக்குப் போகிறாள். அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் பஞ்சு. "வாங்க அண்ணி. உள்ள வந்து உக்காருங்க" என்றாள். நான் வாசலிலேயே, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி, "தப்பு உன்னுதில்ல, எங்களுது" என்று சொன்னேன்.

உள்ளே உட்கார்ந்து கேட்டேன். "அன்னைக்கே அவன் எழுதுன லெட்டரக் காட்டியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா? ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா, அவரு சாகப் பாத்தாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்குமுங்க அண்ணி. உங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அவரு பட்டாளத்துக்காரரு. அது ஒண்ணாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன்."

"இப்ப அவன் மாறிட்டான் பிரீத்தி. பந்து வெளயாடறான். நல்லா இருக்கான்."

"தெரியுமுங்க. அவங்க எடத்துல எடுத்த ஒரு வீடியோவ ஆரோ அனுப்பிச்சாங்க. மே மாசம். அவரு சிரிச்சாரு." தலையிலிருந்த பஞ்சைத் தட்டினாள். "சிரிக்கத் தெரியுது, எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையேன்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டனுங்க."

தம்பி, இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். மறைத்து மறைத்து எழுதியதில் வந்ததுதான் இவ்வளவும். அதனால் எழுதுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஜேடர்பாளையத்தில் ஒருவர். போர்வெல் வண்டியோடு வடக்கே அலைந்துகொண்டிருந்தவர், மனைவி இறந்த பிறகு ஊரோடு வந்துவிட்டார். பிரீத்தியின் அப்பா அவரோடு பேசி முடித்திருக்கிறார். கோர்ட்டு வேலை முடிந்ததும் கல்யாணம்.

நான் ஒரு வக்கீலிடம் கேட்டேன். கடைசி நாளன்று உனக்குச் சம்மதமில்லை என்று நீ சொன்னால் போதும், அதோடு மனு நின்றுவிடும் என்கிறார். அவள் நல்லவள். உனக்குப் பிள்ளை இருக்கிறாள். நீ இப்போது பழைய ஆள் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு சாமி. ஒரு வார்த்தைதான். அக்கா காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

சரிதா


புனே
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அம்மா, மாமா மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் உன்னிடமிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தேன். சொல்லாமல் வந்து சொல்லாமல் திரும்பினேன். நீ இதை எப்படித் தாங்குவாய் என்று தெரியும். இருந்தாலும் நீ சொன்னது போல, மறைத்து எழுதுவதை நானும் நிறுத்திவிட்டேன்.

பெங்களூரில் போட்டி மூன்று நாள் நடந்தது. ஆடியது இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோற்றோம். இரண்டாவதில் கடைசி நிமிஷம் வரை சமமாக இருந்து, நான் ஒருவனை விட்டுவிட்டேன், அவன் போட்டுவிட்டான். வெறுங்கையோடுதான் ரயில் ஏறினேன். இல்லத்திலிருந்து உதவிக்கு ஒருவர் கூட வந்தார். சேலத்தில் இறங்கிக் கார் எடுத்தோம். வீட்டுக்கு வந்திருந்தால் நீ என்னைச் சம்மதமில்லை என்று சொல்ல வைத்திருப்பாய். நானும் சொல்லியிருப்பேன். அதனால்தான் வரவில்லை.

கோர்ட்டு மாடியில். ஆள் வைத்துத் தூக்குகிறோம் என்றார்கள். அதற்குள் நீதிபதி அம்மாவே கீழே ஆபீஸ் அறைக்கு இறங்கி வந்துவிட்டார். பிரீத்தி எனக்கு நாலடி தள்ளி நின்றாள். இளைத்திருக்கிறாள். அவளை ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

நீதிபதி அவளை முதலில் கேட்டார். "சம்மதமுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "யாரும் உங்கள வற்புறுத்தலியே? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

சம்மதமில்லை என்ற ஒரு வார்த்தை வாயில்தான் இருந்தது அக்கா. சொன்னால் அந்த மனு அங்கேயே நின்றிருக்கும். அவளும் நின்றிருப்பாள், எடப்பாடியில், அந்த வாசலில், எத்தனை வருஷமோ. முன்பு நான் சாவதைக் காட்டி அவளைத் துரத்தினேன். இப்போது வாழ்வதைக் காட்டி அவளைப் பிடித்து வைக்க வேண்டுமா? "யோசிச்சேனுங்க. சம்மதம்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

வெளியே வந்ததும் அவளிடம், "மே மாசம் நான் கூப்பிட்டிருக்கணும்" என்றேன். "ஆமாங்க" என்றாள். அதைவிட உண்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

புதன்கிழமை இங்கே வந்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போனேன். போகாமல் ஜன்னலோரம் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. புதிதாக வந்த ஒருவன், அஸ்ஸாம்காரன், விழுந்து கிடந்தான். என்னைத்தான் பார்த்தான். நான் தூக்கவில்லை. அவன் எழுகிறவரை பக்கத்தில் நின்றேன். இந்த ஆட்டத்தால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், காலையில் கண் விழித்ததும் போக ஓர் இடம் கிடைத்தது. போனதெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன். அது அப்படி இல்லை. ஆனாலும் போவேன்.

மார்ச்சில் இங்கே ஆட்டம் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் விழும்போது எழுந்து ஓடி வராமல் அவளைப் பிடித்துக்கொள்.

ஒன்றைக் கடைசிக்கு வைத்தேன். பிரீத்தி நிலாவையும் கூட்டி வந்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே கூட்டி வந்தாள். குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. "இவருதான் அப்பாவாம்மா?" என்றது. "ஆமா சாமி" என்றாள் பிரீத்தி. கிட்டே வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் ஏறிக்கட்டுமா?" என்றது. ஏறி மடியில் உட்கார்ந்தது.

அக்கா, எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. அவள் உட்கார்ந்ததைக் கண்ணால்தான் தெரிந்துகொண்டேன். அவள் சாய்ந்து என் நெஞ்சில் முதுகை வைத்த பிறகுதான் கொஞ்சம் கனம் தெரிந்தது. எண்ணெய் வாசனை வந்தது. வேப்பமரத்தடி வரை சிமெண்டுத் தரை. ஓட்டினேன். "இன்னும் வேகமா" என்றாள். என் கை இப்போது பலமான கை. காற்றில் அவள் முடி என் வாயில் பட்டது. மூன்று சுற்று போனோம். மூன்றாவது சுற்றில் திரும்பும்போது அவர்களை அழைத்துப்போக வாசலில் கார் வந்து நின்றது. பிரீத்தி, "நிலா, வா சாமி" என்று கூப்பிட்டாள். நான் பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரீத்தி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது சொல்வாளா என்று. நெஞ்சில் காற்றுப் பட்டுச் சில்லென்றது. குனிந்து பார்த்தேன். குழந்தை எப்போதோ இறங்கிப் போயிருந்தது.

உன் தம்பி
கலையரசன்